கூரையைத் தானாக எழுப்புவதா, கையால் வரைவதா: வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் உள்ள வழிகளின் ஒப்பீடு

வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் சுவர்களை எழுப்பி, கதவு சன்னல்களைப் பொருத்தி, அறைகளுக்குப் பெயரிடும்வரை பெரும்பாலோருக்குச் சிக்கல் எதுவும் வருவதில்லை. கூரைக்கு வந்ததும்தான் கை நின்றுவிடுகிறது. பொத்தானை அழுத்தியவுடன் மென்பொருள் ஒரு கூரையை எழுப்பிவிடுகிறது. ஆனால் அது மனத்தில் இருந்த கூரையாக இருப்பதில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு வாசகர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: தானியங்கியை அணைத்துவிட்டு முழுவதையும் கையால் வரையலாமா, வந்த கூரையையே திருத்தலாமா, அல்லது அமைப்புகளை மாற்றி மீண்டும் எழுப்பலாமா?

கூரை எவ்வளவு சிக்கலானது என்பதைவிட, அதன் கீழே உள்ள தரைத்திட்டம் எவ்வளவு உறுதியாகிவிட்டது என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கையால் வரையத் தொடங்குகிறவர்களில் கணிசமானோருக்கு அதற்கான தேவையே இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

முதல் அளவுகோல், தரைத்திட்டம் இன்னும் எத்தனை முறை மாறக்கூடும் என்பது. இரண்டாவது, கோப்பிலிருந்து என்ன வெளிவர வேண்டும் என்பது. வீட்டின் தோற்றத்தைக் காட்டும் படம் மட்டும் போதுமானால் ஒரு வழி சரியாக இருக்கும், கட்டுமானத்துக்கான வெட்டுத்தோற்றமும் (வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடம்) கைமரங்களின் (கூரையைத் தாங்கும் சாய்மரங்கள்) நீளமும் கூரைப் பரப்பும் வேண்டுமானால் அதே வழி தவறாகிவிடும். மூன்றாவது, 'ஒரு சுவருக்கு ஒரு சரிவு' என்ற கணக்குக்குள் உங்கள் கூரை அடங்குமா என்பது. நான்காவது, நீங்கள் வரைவது இனிக் கட்டப்போகும் வீடா, ஏற்கெனவே நிற்கும் வீடா என்பது. கோப்பை அடுத்துத் திறக்கப்போகிறவர் யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது மற்ற நான்குக்கும் பிறகுதான்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே வீட்டை எல்லா வழிகளிலும் வைத்துப் பார்ப்போம். முதன்மைப் பகுதி 8 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்டது; கூரையின் சரிவு 30 பாகை; சுவருக்கு வெளியே இறவாரம் 0.6 மீட்டர் நீள்கிறது. நீளச் சுவரின் நடுவிலிருந்து 5 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறகுப் பகுதி முன்னோக்கி வருகிறது. அதன் கூரையைச் சற்றுச் செங்குத்தாக, 40 பாகையில் அமைக்க விரும்புகிறோம். மூன்று முனைகளிலும், சரிவுக்குப் பதிலாக முகடுவரை எழும் முக்கோணச் சுவர்கள் வேண்டும்.

## வழி ஒன்று: முழுத் தானியங்கி

தானியங்கிக் கூரையின் அடிப்படை எளிமையானது. வீட்டின் வெளிச்சுவர்கள் அமைக்கும் பல்கோணத்தின் எல்லா விளிம்புகளும் ஒரே வேகத்தில் உள்நோக்கி நகர்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்போது மூலைகள் விட்டுச்செல்லும் தடங்களே மூலைமுகடுகளாகவும், உச்சி முகடாகவும், இரண்டு சரிவுகள் உள்மடிந்து சந்திக்கும் ஓடைகளாகவும் அமைகின்றன. கணினி வடிவியலில் 'நேர்க்கோட்டு எலும்புக்கூடு' என்ற பொருள்தரும் பெயரில் 1995-இல் வரையறுக்கப்பட்ட வடிவம் இதுதான். எல்லாப் பக்கங்களிலும் ஒரே சரிவு, ஒரே சுவர் உயரம் என்றால் இந்தக் கணக்குப் பிசகுவதில்லை.

இதைப் புரிந்துகொண்டால், தானியங்கி ஏன் சில நேரங்களில் விசித்திரமான கூரையைத் தருகிறது என்பதும் விளங்கிவிடும். சுவர் ஓரிடத்தில் 20 செ.மீ. மட்டும் உள்வாங்கியிருந்தாலும், அந்தக் குட்டிச் சுவரும் ஒரு விளிம்புதான் என்பதால் அதற்கும் ஒரு சரிவு பிறக்கிறது. 90 பாகை மூலைகளாக இருந்தால், ஏறத்தாழ 14 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டை மூலைவாட்டில் முகட்டை நோக்கி ஏறுவதையும், அதன் இருபுறமும் உள்ள சரிவுகள் 30 பாகையில் 11.5 செ.மீ. உயர வேறுபாட்டுடன் நிற்பதையும் காணலாம். மென்பொருளின் பிழை என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் மென்பொருள் சொன்னதைத்தான் செய்தது. நாம்தான் அந்த 20 செ.மீ. சுவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இந்த வழியின் வலிமை, திட்டம் மாறும்போது தெரியும். முதன்மைப் பகுதியின் அகலத்தை 8 மீட்டரிலிருந்து 8.6 மீட்டராக்கினால், முகடு 30 செ.மீ. நகர்ந்து, சுமார் 17 செ.மீ. உயர்ந்து, கூரை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. நாம் எதையும் தொட வேண்டியதில்லை. அறைகளின் அளவே முடிவாகாத தொடக்கக் கட்டத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் நம் மாதிரி வீட்டுக்கு இது போதாது. முனைகளில் நமக்கு வேண்டிய முக்கோணச் சுவர்களுக்குப் பதிலாக நாற்புறச் சரிவையும், சிறகுக்கும் அதே 30 பாகையையும்தான் தானியங்கி பெரும்பாலும் தரும்.

## வழி இரண்டு: சுவருக்குச் சுவர் கட்டளையிடுவது

பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடும் வழி இது. கூரை தானாகவே எழும். ஆனால் ஒவ்வொரு சுவரும் தன்மேல் என்ன வகைக் கூரை அமைய வேண்டும் என்ற குறிப்பைத் தாங்கியிருக்கும். சீஃப் ஆர்க்கிடெக்ட் மென்பொருளில் சுவரின் பண்புகளுக்குள் கூரைக்கென ஒரு பகுதி இருக்கிறது. முழு முக்கோணச் சுவரா, சரிவு எவ்வளவு என்பவற்றை அங்கே குறிக்கலாம். ரெவிட்டில் கூரையின் சுற்றுக்கோட்டை வரையும்போது, ஒவ்வொரு கோட்டுக்கும் சரிவு உண்டா இல்லையா என்று தனித்தனியே தெரிவு செய்கிறோம். ஃப்ரீகேடின் கூரைக் கருவியில் ஒவ்வொரு விளிம்புக்கும் கோணத்தைத் தனியே கொடுக்கலாம். 90 பாகை கொடுத்த விளிம்பில் முக்கோணச் சுவர் அமையும்.

மாதிரி வீட்டில் மூன்று முனைச் சுவர்களையும் முக்கோணச் சுவர்களாகக் குறித்து, சிறகின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு 40 பாகை என்று கொடுத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. ஐந்து சுவர்கள், ஐந்து குறிப்புகள். ஒரு கோட்டைக்கூடக் கையால் வரையவில்லை. ஏறக்குறைய என்று சொன்னதற்குக் காரணம் இறவாரம். சரிவு அதிகமானால், அதே நீட்டத்துக்கு இறவாரம் கூடுதலாகக் கீழிறங்கும்: 0.6 மீட்டர் நீட்டத்துக்கு 30 பாகையில் 34.6 செ.மீ., 40 பாகையில் 50.3 செ.மீ. ஆக முதன்மைக் கூரையும் சிறகுக் கூரையும் சந்திக்கும் மூலையில், இறவார விளிம்பை மூடும் ஓரப்பலகைகள் சுமார் 16 செ.மீ. ஏறி இறங்கி நிற்கும். படத்தில் இதைப் பார்த்தவுடன் கையால் சரிசெய்யத் தோன்றும். தேவையில்லை. சிறகின் இறவார நீட்டத்தை 41.3 செ.மீ. ஆகக் குறைத்தால் இரண்டு பலகைகளும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஓடையும் சுவர்மூலையையும் இறவாரத்தின் மூலையையும் ஒரே நேர்கோட்டில் தொட்டுச் செல்லும். நீட்டத்தைக் குறைக்க மனமில்லையென்றால் சிறகின் சுவர்களை 16 செ.மீ. உயர்த்தலாம், அப்போதும் பலகைகள் சேரும், ஆனால் ஓடை சுவர்மூலையிலிருந்து விலகிவிடும். இரண்டில் முதலாவதையே நான் விரும்புகிறேன்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, குறிப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். சீஃப் ஆர்க்கிடெக்ட் போலக் குறிப்புகளைச் சுவரே தாங்கும் மென்பொருளில், ஒரு சுவரை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அதனுடன் குறிப்பும் போய்விடும். முக்கோணச் சுவர் இருந்த இடத்தில் திடீரென்று ஒரு சரிவு முளைக்கும். கோப்பை வேறொருவர் திறந்தால், கூரை ஏன் இப்படி நிற்கிறது என்பதைச் சுவர் சுவராகத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரே இல்லாத இடத்தில், வெறும் தூண்களின்மேல் நீளும் கூரைக்கும், கூரையின் நடுவே எழும் கூரைச்சாளரத்துக்கும் இந்த வழி பெரிதாக உதவாது.

## வழி மூன்று: தானாக எழுப்பி, கையால் திருத்துவது

தானியங்கி தொண்ணூறு விழுக்காடு சரியாகத் தந்துவிட்டது, ஓரிடத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் வந்துசேரும் இடம் இது. நடைமுறையில் மிக அதிகம் பயன்படுவதும், மிக அதிகம் பேரை ஏமாற்றுவதும் இதுவே.

ஏமாற்றத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு மாலை முழுவதும் செலவிட்டு இரண்டு சரிவுகளை இழுத்து, ஒரு கூரைச்சாளரத்தைப் பொருத்தி, ஓடைகளைச் சேர்த்து முடித்தேன். மறுநாள் குளியலறையின் உட்சுவர் ஒன்றை 10 செ.மீ. நகர்த்தினேன். அந்தச் சுவருக்கும் கூரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் தானாக மறுபடி எழுப்பும் தெரிவை நான் அணைக்காமல் விட்டிருந்தேன். கூரை முதல்நாள் காலை இருந்த நிலைக்குத் திரும்பியிருந்தது. அதைக் கவனிப்பதற்குள் பல மாற்றங்களைச் செய்து சேமித்தும்விட்டதால், பின்னோக்கிப் போகவும் வழியில்லை. திருத்தத்தைத் தொடங்கும் முன் அந்தத் தெரிவை அணைப்பதும், கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதும் கட்டாயம். கையால் வரைந்த சரிவுகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மறுபடி எழுப்பும் தெரிவு சீஃப் ஆர்க்கிடெக்டில் உண்டு. உங்கள் மென்பொருளில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த கண்ணி இன்னும் நுட்பமானது. ஒரு சரிவுக்கு மூன்று அளவுகள் உண்டு: அது தொடங்கும் அடிக்கோட்டின் உயரம், சாய்வுக் கோணம், முகட்டின் உயரம். அடிக்கோட்டுக்கும் முகட்டுக்கும் இடையிலான கிடைத்தூரம் தெரிந்துவிட்டால், இந்த மூன்றில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவது தானாக முடிவாகிவிடும். நீங்கள் ஒன்றை மாற்றும்போது மற்ற இரண்டில் எதை மென்பொருள் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லாவிட்டால், அது தன் விருப்பப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கச் சுவரை மட்டும் 1 மீட்டர் வெளியே தள்ளி, முகட்டை அதே இடத்தில் வைத்துப் பின்சரிவை நீட்ட விரும்புவதாக வைத்துக்கொள்வோம். முகடு சுவரின் தலைமட்டத்திலிருந்து 2.309 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்சரிவின் கிடைத்தூரம் இப்போது 5 மீட்டர். ஆகவே அதன் சாய்வு 24.79 பாகை. எண் அழகாக இல்லையே என்று 25 என்று தட்டச்சு செய்தால், பின்சரிவு முன்சரிவைவிட 2.2 செ.மீ. உயர்ந்து முகட்டில் ஒரு படி உண்டாகிவிடும். முப்பரிமாணக் காட்சியில் அது கண்ணுக்கே தெரியாது. வெட்டுத்தோற்றத்தை எடுக்கும்போதுதான் இரண்டு சரிவுகளும் சேராமல் நிற்பது தெரியவரும். இப்படிப்பட்ட இடங்களில் கோணத்தைத் தட்டச்சு செய்யாமல், முகட்டின் உயரத்தைப் பூட்டிவிட்டுக் கோணத்தை மென்பொருளையே கணக்கிடச் செய்ய வேண்டும்.

வெளிச்சுவர்கள் இனி நகராது, உள்ளே சிறு மாற்றங்கள் மட்டுமே வரும் என்ற கட்டத்துக்கு இந்த வழி பொருத்தமானது. அதற்கு முன்னால் இதைத் தொடங்கினால், ஒரே திருத்தத்தை மூன்று நான்கு முறை செய்ய வேண்டிவரும்.

## வழி நான்கு: முதலிலிருந்தே கையால் வரைவது

இங்கே ஒவ்வொரு சரிவையும் நாமே வரைகிறோம். சுவரின் வெளிமுகத்தை ஒட்டி அடிக்கோட்டை இட்டு, எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று காட்டி, சாய்வைக் கொடுத்து, பக்கத்துச் சரிவுடன் இணைக்கிறோம். ஆர்க்கிகேட் மென்பொருளில் இந்த அடிக்கோட்டுக்குச் சுழல்கோடு என்ற பொருள்படும் பெயர். ஒற்றைச் சரிவுக் கூரையை அந்தக் கோட்டை அச்சாகக் கொண்டு சாய்க்கிறோம் என்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. பல சரிவுகள் கொண்ட கூரையாக எழுப்பிவிட்டு, பிறகு அதைத் தனித்தனிச் சரிவுகளாகப் பிரிக்கும் வசதியும் அங்கு உண்டு.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஓடையைக் கண் அளவாக 45 பாகையில் இழுப்பது. இரண்டு கூரைகளின் சரிவும் சமமாக இருந்தால்தான் தரைத்திட்டத்தில் ஓடை 45 பாகையில் விழும். நம் சிறகு 30 பாகையில் இருந்திருந்தால் அதன் முகடு முதன்மைக் கூரைக்குள் 2.5 மீட்டர் சென்று முட்டியிருக்கும். 40 பாகையாகும்போது சிறகின் முகடு 2.098 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அந்த உயரத்தை முதன்மைச் சரிவு எட்டுவது சுவரிலிருந்து 3.63 மீட்டர் உள்ளேதான். ஆகவே ஓடை முதன்மைச் சுவருடன் சுமார் 55 பாகை கோணத்தில் செல்லும். அடிக்கோடுகளையும் சரிவுகளையும் சரியாகக் கொடுத்துவிட்டு, இரண்டு சரிவுகளையும் இணைக்கும் கருவியிடமே ஓடையை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நமக்குத் தேவையில்லை. விளிம்பைச் சுட்டியால் இழுத்துச் சேர்ப்பதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். சேர்ந்தது போலத் தோன்றும், சேர்ந்திருக்காது. பெரிய சரிவுகளை முதலில் இணைத்துவிட்டு, சிறியவற்றை அவற்றின்மேல் மோதவிடும் வரிசையையும் மாற்றக்கூடாது.

செலவு எங்கே என்றால், சுவர் நகரும்போது. முன்பு பார்த்த அதே 0.6 மீட்டர் மாற்றத்தை இங்கே வைத்துப் பாருங்கள்: பின்சுவர் வெளியே நகர்கிறது, கூரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இறவாரம் முழுவதையும் சுவர் விழுங்கிவிட்டது. அந்த இடத்தில் கூரை சுவரின் தலைமட்டத்துக்கு 34.6 செ.மீ. கீழே இருப்பதால், சுவர் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும். பின்சரிவின் அடிக்கோடு, முகடு, முன்சரிவின் மேல்விளிம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். முக்கோணச் சுவர்கள் கூரைவரை எழவும், கூரைக்கு மேலே நீட்டாமல் வெட்டுப்படவும் தனியே கட்டளை இட வேண்டியிருக்கலாம்; ரெவிட்டில் சுவரின் தலையைக் கூரையுடன் இணைக்கும் கட்டளையை நாமே கொடுக்கிறோம். கைமரங்களை எழுப்பியிருந்தால் அவற்றையும் மறுபடி எழுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கையால் வரைவதுதான் சரி என்ற இடங்கள் தெளிவாக உள்ளன. முதன்மையானது ஏற்கெனவே நிற்கும் வீடு. பழைய வீட்டின் முன்சரிவும் பின்சரிவும் சமமாக இருக்க வேண்டியதில்லை. பின்னர் சேர்த்த ஒட்டுக்கூரை வேறு உயரத்தில் தொடங்கும். முகடே ஒரு முனையில் தாழ்ந்திருக்கலாம். அங்கே நாம் அளந்து வருபவை இறவார உயரமும் முகட்டு உயரமும் கிடைத்தூரமும்தான். கோணம் அவற்றிலிருந்து வருவது. தானியங்கிக்குக் கோணத்தைக் கொடுத்து உண்மையான வீட்டை எட்ட முயல்வது தலைகீழ் வேலை. அடுத்தது, சுவர்களைப் பின்பற்றாத கூரைகள்: தூண்களின்மேல் நீளும் நிழற்கூரை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கூரைகள், ஒரு பகுதியில் மட்டும் பாதியில் சாய்வு மாறும் சரிவு.

## ஒரு பக்கவழி: கட்டற்ற உருமாதிரி

ஸ்கெட்ச்அப் போன்ற கருவிகளில் கோடுகளையும் முகங்களையும் இழுத்து எந்த வடிவக் கூரையையும் எழுப்பலாம். வளைந்த கூரைகளுக்கு இது மிக விரைவான வழி. ஆனால் அந்த உருவம் தன்னைக் கூரை என்று அறியாது. தடிமன், சரிவு, கைமரம் எதுவும் அதற்குத் தெரியாது. கூரைப் பரப்பு வேண்டுமானால் அதன் முகங்களை நாமே தெரிவு செய்து பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது தரைப்பரப்பை 30 பாகைக்கு 1.155 ஆலும், 40 பாகைக்கு 1.305 ஆலும் நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது குறையே அல்ல.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | சுவர் நகர்ந்தால் | மறைமுகச் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| முழுத் தானியங்கி | தானே சரியாகும் | சிறு உள்வாங்கல்களில் தேவையற்ற பட்டைகள் | திட்டம் இன்னும் மாறும் காலம் |
| சுவர்க் குறிப்புகள் | தானே சரியாகும், சுவரையே அழித்தால் தவிர | குறிப்புகள் கண்ணில் படாதவை | பெரும்பாலான புதிய வீடுகள் |
| எழுப்பித் திருத்துவது | திருத்தம் அழியலாம் அல்லது பொருந்தாமல் போகலாம் | பூட்டாத அளவுகளால் வரும் பிளவுகள் | வெளிச்சுவர்கள் உறுதியான பின் |
| முழுக் கைவரைவு | எதுவும் நகராது. எல்லாம் நம் வேலை | ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரம் | நிற்கும் வீடு, சுவரைப் பின்பற்றாத கூரை |
| கட்டற்ற உருமாதிரி | எதுவும் நகராது | அளவுகளும் கைமரங்களும் தானாகக் கிடைக்கா | படம் மட்டும் தேவைப்படும்போது |

நம் மாதிரி வீட்டை நான் வரைவதாக இருந்தால், இரண்டாம் வழியில் ஐந்து சுவர்க் குறிப்புகளுடன் தொடங்கி, சிறகின் இறவாரத்தை 41.3 செ.மீ. என்று வைத்து, வெளிச்சுவர்கள் முடிவாகும்வரை கூரையைத் தொடவே மாட்டேன். சிறகின் மேல் ஒரு கூரைச்சாளரம் வேண்டும் என்று கேட்டால், அப்போது நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி எழுப்பும் தெரிவை அணைத்துவிட்டு மூன்றாம் வழிக்குப் போவேன். அதே வீடு பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டு, இப்போது ஓர் அறையைச் சேர்ப்பதற்காக அளந்து வரைய வேண்டியதாக இருந்தால், தானியங்கிப் பொத்தானை ஒரு முறைகூட அழுத்தாமல் முகட்டு உயரத்திலிருந்தே தொடங்குவேன்.

எந்த வழியில் போனாலும், முகட்டுக்குக் குறுக்காக ஒன்று, ஓடைக்குக் குறுக்காக ஒன்று என இரண்டு வெட்டுத்தோற்றங்களை எடுத்து, நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கோப்பை அடுத்தவருக்கு அனுப்புவது என் வழக்கம். அந்த 2.2 செ.மீ. படி அங்கேதான் அகப்படும்.